கண் மட்டும் தெரியும் போட்டோ

பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் வரும் பேருந்தில், எனக்கு முன்சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் ஒரு போட்டோவை நீட்டினார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆறு பேர். கண்கள் மட்டும் வெளியே.

“ஏனுங்க, இதுல எம்பையன் யாருன்னு தெரியுதுங்களா?”

“ஆசுபத்திரிங்களா?”

“இல்லீங்க, அமெரிக்காவுல ஆராய்ச்சி. பிசிக்ஸ் படிச்சவன். கம்ப்யூட்டருக்குள்ள வெக்கற சிப்பு செய்யறாங்க. தூசி ஒண்ணு உழுந்தாலும் கெட்டுப்போயிருமாம். திருநீறு கூட வெச்சுட்டு உள்ள போகக் கூடாதுங்களாம்.”

“நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“எனக்குத் தெரியலீங்க. எங்க ஊட்டுக்காரிதான் ரெண்டாவது ஆளத் தொட்டு, ‘கண்ணப் பாருங்க, இவந்தான்’னு சொன்னா. சீக்குல படுத்த ஆறு மாசமும் அந்த மொகத்தையே தடவிட்டுக் கெடந்தா.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“போயிட்டாளுங்க. பையன் காரியத்துக்குத்தான் வந்து சேந்தான். ‘போட்டோவுல நான் நாலாவதா நிக்கறனுங்கப்பா. அம்மா கண்டுபுடிச்சாங்களா?’ன்னு கேட்டான்.”

“என்ன சொன்னீங்க?”

“‘பாத்த ஒடனே கண்டுபுடிச்சுட்டா’ன்னு சொல்லிப்போட்டனுங்க.”

“நம்பிட்டாருங்களா?”

பெரியவர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“கையில வாங்கிப் பாத்துட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டானுங்க. ரெண்டாவது ஆளுக்கு மட்டும் மொகமே தேஞ்சு கெடக்குது, பாருங்க.”