ஐந்து வீட்டுக் குளியல் தண்ணீர்

எழுபதுகளில் ஒரு நாள், சூலூர்ப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் பாசஞ்சர் வண்டியில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் நிதானமாகச் சொன்னாள்:

"ஊரார் குளிச்ச தண்ணி எனக்கு வோணும்க்கா. ஒரு சொட்டு வுட மாட்டேன்."

அதைக் கேட்ட பிறகு ஜன்னலுக்கு வெளியே யார் பார்ப்பது?

"இன்னாடி பேசற?" என்றாள் மூத்தவள்.

"லைன் ஊட்ல அஞ்சு குடித்தனம். குளிக்க ஒரே எடம். அவ்ளோ தண்ணியும் தெருவுல நின்னு நாறிக்கினு கெடந்துச்சு. நான் வாய்க்கா வெட்டி என் வாழைக்கு வுட்டேன். ஊட்டு சொந்தக்காரருக்குப் பொறுக்கல."

"இன்னான்றாரு?"

"செவுரு ஊறிடுமாம். செவுத்துக்கும் வாய்க்காக்கும் நடுவுல மாட்டு வண்டியே போவும். வெள்ளிக்கெழமைக்குள்ள வாழைய வெட்டு, இல்லனா ஊட்ட காலி பண்ணுன்றாரு."

"வெட்டிடுடி. உன் புருசனுக்கு இப்பத்தான் கம்பெனில வேல கெடச்சிருக்கு. புள்ளைங்கள இட்டுக்கினு எங்க போயி ஊடு தேடுவ?"

"அவரும் அதான் சொன்னாரு. கொல தள்ளுன மரத்த யாராச்சும் வெட்டுவாங்களாக்கா? மத்த நாலு ஊட்டுப் பொம்பளைங்களையும் கூட்டிக்கினு ஊட்டு சொந்தக்காரர்கிட்ட போனேன். காலி பண்ணா அஞ்சு ஊடும் சேந்தே பண்றோம், அப்பால நீயே வந்து குடியிருன்னு சொல்லிட்டேன்."

கும்மிடிப்பூண்டி வந்தது. இளையவள் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்தாள்.

"இன்னாடி அது?"

"இன்னொரு வாழைக்கன்னு. அஞ்சு ஊட்டுத் தண்ணிய ஒரு மரம் எப்படிக்கா குடிக்கும்?"