அண்ணனுக்கு வைத்த அளவு

ஒருவர் பாயில் எப்படி உட்காருகிறார் என்று பார்த்தாலே, அவர் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டுவார் என்று என்னால் சொல்லிவிட முடியும். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேசைமேல் முழங்கையை ஊன்றித்தான் பேசுகிறீர்கள். நீங்கள் ஓட்டினால் பாரம் முழுவதும் முன்சக்கரத்தின்மேல் விழும். உங்களுக்கு முன்பக்கம் இறுக்கமாக வைக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ராசப்பனும் அப்படித்தான் உட்காருவார்.

வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய மரணத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையில் ‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். என் பெயர் தீர்த்தகிரி. ராசிபுரத்தில் எட்டாவது வரை படித்தேன். அங்கேயே பஸ் ஷெட்டில் வேலை செய்கிறேன். என் கையில் கவனக்குறைவாக எதுவும் நடப்பதில்லை. இதுவும் கவனத்தோடு நடந்ததுதான்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெண்ணந்தூர்ப் பண்ணைக்காரர் ராசப்பன் சென்னையிலிருந்து ரயிலில் வரவழைத்த சீமை வண்டி அது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக்கு நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. மேட்டில் மோதினால் அமுங்கும், பிறகு எகிறும். அந்த எகிறலை அடக்குவதற்காகப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று உராயும் தகடுகளை வைத்து, அவற்றை நெருக்கிப் பிடிக்க ஒரு கைத்திருகும் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். ஸ்பானர் வேண்டாம். ஓட்டுகிறவர் அந்தத் திருகை முன்பக்கமாகத் திருப்பினால் இறுகும். தன் பக்கமாகத் திருப்பினால் தளரும். அவ்வளவுதான்.

எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆளைப் பொறுத்தது. என் அண்ணன் அங்கமுத்து ராசப்பனுடைய பண்ணையில் ஏர் ஓட்டியவன். உழுத மண்ணைச் சமன்செய்யப் பரம்படிக்கும் பலகைமேல் நின்று பழகிய கால் அவனுக்கு. மோட்டார் சைக்கிளிலும் அப்படியே நிற்பான். முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கையில் பாரமே இல்லாமல் வரப்பின்மேல் போவான். வரப்பைக் கண்டால் வேகத்தைக் கூட்டுவானே தவிர, முன் பிரேக்கைத் தொடமாட்டான். அப்படி ஓட்டுகிறவனுக்கு முன்பக்கம் தளர்வாக இருக்க வேண்டும். சக்கரம் மண்ணைத் தடவிக்கொண்டே போகும். இறுக்கி வைத்தால் மேட்டில் பட்ட சக்கரம் துள்ளி, ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் உதறி, ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

ராசப்பன் நேர்மாறு. மாட்டுவண்டியில் உட்கார்வதுபோல் அழுந்த உட்கார்ந்து, நெஞ்சை டேங்கின்மேல் சாய்த்துக்கொள்வார். வரப்பைக் கண்டதும் முன் பிரேக்கைப் பிடிப்பார். அவருக்கு முன்பக்கம் தளர்வாக இருந்தால், பிரேக் பிடித்தவுடன் வண்டி மூக்கைக் குத்தும். குத்திய நிலையில் வரப்பில் மோதினால் பின்பக்கம் எழும்பி ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். ஒருவனைக் காப்பாற்றும் அளவு இன்னொருவனைக் கொல்லும். இதில் தவறான அளவு என்று எதுவுமில்லை. இதைத் தயவுசெய்து அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் வெண்ணந்தூர் ஏரி வற்றியதும், அதன் தரையில் குறுக்கே மண்வரப்புகள் போட்டு, அங்கே பந்தயம் நடக்கும். இரண்டு ஆட்டம். முதலாவது வண்டிக்காரர்கள் தாமே ஓட்டுவது. இரண்டாவது அவர்கள் ஆளை வைத்து ஓட்டுவது. எங்கள் வண்டியில் முதல் ஆட்டத்துக்கு ராசப்பன், இரண்டாவதற்கு அண்ணன். முதல் ஆட்டத்துக்கு இறுக்கி வைப்பேன். அது முடிந்ததும் தளர்த்தி வைப்பேன். அதுதான் என் வேலை.

போன வருஷம், யுத்தம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த பங்குனியில், முதல் ஆட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வந்தார் ராசப்பன். கரையில் நின்ற கூட்டம் சும்மா இருக்கவில்லை.

“ஏனுங்க சாமி, எருமையைப் பூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்று ஒருவன் கத்தினான்.

“அட, எருமையா இருந்தா இந்நேரம் தண்ணிக்காச்சும் ஓடியிருக்குமுங்க” என்றான் இன்னொருவன்.

“இருங்கடா, நம்ம அங்கமுத்து வாரான் பாருங்க. அப்பறம் பேசுங்க” என்று ராசப்பன் சிரித்துக்கொண்டே வண்டியை விட்டு இறங்கினார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் தம் வண்டியின் கார்பரேட்டரைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். போய்விட்டேன். போவதற்கு முன் எங்கள் வண்டியைத் தளர்த்தியிருக்க வேண்டும். தளர்த்தினேன். தளர்த்தாமல் போகிறவன் அல்ல நான். திரும்பி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. இரண்டாவது வரப்பில் முன்சக்கரம் துள்ளியதையும் ஹேண்டில்பார் உதறியதையும் தூரத்திலிருந்து பார்த்தேன். நான் ஓடிச் சேர்ந்தபோது அண்ணனுக்கு மூச்சு இல்லை. அவன் மனைவி பொன்னாயி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். சாவதற்கு முன் அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம் என்றாள்.

“சாமி இறுக்கிப் போட்டுருச்சு.”

எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரரைப் பண்ணாடி என்போம், சாமி என்றும் சொல்வோம். குழந்தையையும் சாமி என்போம், கூடப்பிறந்தவனையும் சாமி என்போம். ஆனால் அந்த வண்டியின் அருகில் நிற்கும் உரிமையும், அண்ணன்மேல் பொறாமையும் சேர்ந்து இருந்த சாமி ஒருவர்தான். நான் அந்தப் பக்கம் போனதும் ராசப்பன் திருகை இறுக்கிவிட்டார். கூட்டம் அவரைக் கேலி செய்தது. அடுத்து அண்ணன் ஜெயிப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

பொன்னாயிக்குத்தான் வந்தது. கருமாதி முடிந்து சில நாள் கழித்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க கொழுந்தனாரே, பண்ணாடிய உங்கண்ணன் ‘போட்டுருச்சு’ன்னு என்னைக்காச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ‘போட்டுட்டாருங்க’ன்னுதான சொல்லும்?”

“சாகற நேரத்துல எப்படிச் சொன்னா என்னங்க அண்ணி?”

“அதில்லீங்க. ‘சாமி ஊட்டுக்கு வந்துருச்சா, சாமி சோறு தின்னுருச்சா’ன்னு தெனமும் அது ஆரைக் கேக்கும்? உங்களைத்தானுங்க.” குழம்பை ஊற்றிவிட்டு, “கோவமாச் சொல்லலீங்க. கொழந்தை எதையோ மறந்துட்டாப்பல, சிரிச்சுட்டுத்தான் சொல்லுச்சு” என்றாள்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதம் செய்யக்கூடாது. நான் சாப்பிட்டு எழுந்தேன். ஆனால் உங்களுக்கு விளக்க வேண்டும். மனிதரை அஃறிணையில் சொல்வது அன்பினாலும் வரும், இழிவுபடுத்துவதற்காகவும் வரும் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆயுள் முழுக்க அவருக்கு ‘ங்க’ போட்டுப் பேசிய என் அண்ணன், சாகும்போது ஒரே ஒருமுறை அந்த மரியாதையை எடுத்துவிட்டான். ஆகவே அது இழிப்பு. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியவன். பொன்னாயி பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை.

அதன்பிறகு ராசப்பன் அண்ணியின் வீட்டுக்கு மாதம் தவறாமல் தானியம் அனுப்பினார். அண்ணன் பெயரைச் சொன்னால் கண் கலங்கும். ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த என்னிடம், “தீர்த்தா, அவன் போனதுலருந்து வண்டியத் தொடவே மனசு வரலடா” என்றார். குற்றம் செய்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். நான் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “அப்படிச் சொல்லப்படாதுங்க சாமி. அண்ணனுக்காகவாச்சும் இந்தப் பங்குனிக்கு நீங்க ஓட்டோணுமுங்க” என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த ஒரு வருஷமும் நான் அவருடைய வண்டியைக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டேன். பிரேக் வயரை அறுக்கவில்லை. ஒரு நட்டையும் கழற்றவில்லை. அப்படிச் செய்கிறவன் கொலைகாரன். அண்ணன் எந்த அளவில் ஓட்டியிருக்க வேண்டுமோ, எந்த அளவை அவர் அவனிடமிருந்து பறித்தாரோ, அந்த அளவிலேயே அவர் ஒரே ஒரு சுற்று ஓட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பந்தயத்தன்று காலையில் திருகைத் தளர்த்தி, முன்டயரில் காற்றையும் அண்ணனுக்கு வைப்பதுபோலவே குறைத்து வைத்தேன். உள்ளபடி சொன்னால், அவ்வளவு துல்லியமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அண்ணன் அன்று உயிரோடு இருந்து ஏறியிருந்தால் ஜெயித்திருப்பான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் வரப்பிலேயே ராசப்பன் பிரேக் பிடித்தார். வண்டி மூக்கைக் குத்தியது. கழுத்து முறிந்து அங்கேயே போய்விட்டார். பொன்னாயி கூட்டத்தில் நின்றிருந்தாள். எல்லோரும் அவரைப் பார்த்து ஓடினார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று மாலையில் அவளிடம் சொல்லப் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து, “இனி இந்த ஊட்டுப்பக்கம் வராதீங்க” என்ற குரல் மட்டும் வந்தது. அவளுக்குப் புரியக் காலம் ஆகும்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். திருகு முழுவதும் கழன்று, தகடுகள் பிடிப்பே இல்லாமல் ஆடின என்றும், இது வேலை தெரியாதவன் விட்ட பிழை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் வைத்தது அந்த அளவல்ல. நான் வைத்தது அண்ணனுடைய அளவு. அதில் தகடுகளுக்குக் கொஞ்சம் பிடிப்பு உண்டு. அந்த அளவிலேயே விட்டிருந்தால் ராசப்பன் விழுந்திருப்பார். கையோ காலோ முறிந்து பிழைத்தும் இருக்கலாம். மிச்சமிருந்த பிடிப்பையும் கழற்றியது அவருடைய கைதான். அது எப்படி நடந்தது என்பதை மட்டும் இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கொடி அசைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு தரம் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“என்னடா இது, போறவன் வாரவனுக்கெல்லாம் குனிஞ்சு கும்புடு போடுது?”

“கொஞ்சம் லேசா இருக்குதுங்க.”

“இறுக்கி உடு.”

“கையெல்லாம் கிரீசுங்க. நீங்களே திருப்பிக்கலாமுங்க.”

அவர் குனிந்து அந்தத் திருகைத் தேடினார். முதலில் கை ஸ்டீரிங் நட்டின்மேல் போயிற்று. நான்தான் அதுவல்ல, இது என்று காட்டினேன். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “எந்தப் பக்கந் திருப்பறதுடா? வாங்குன நாளுலருந்து நீயேதான பண்ணுற, நான் இதையத் தொட்டுக்கூடப் பாத்ததில்லையே” என்றார்.

அண்ணன் விழுந்த வரப்பு கண்ணுக்கு எதிரே தெரியும்போதே இந்த மனிதருக்கு இவ்வளவு தத்ரூபமாக நடிக்க முடிகிறதே என்று எண்ணிக்கொண்டு, “உங்க பக்கமாத் திருப்புங்க சாமி, இறுகிக்கும்” என்றேன்.