ஃபாதர் மகாசா கொடுத்த பரிகாரம்

மத்தியானம் இரண்டு மணி. முலோங்கா கிராமத்துக்குப் போகிற மண்சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல். ஈ காக்கை கிடையாது. மழை விட்டு மூன்று நாளாகி, மணல் அடுப்பாகக் கொதிக்கிறது... அந்தச் சாலையில் ஒரு பொம்பளை தனியாக நடந்து போகிறாள். உடம்பு முழுக்கத் தண்ணீர் சொட்டுகிறது.

சிரிக்காதீர்கள். பேய் ராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? லாரியை ஆறு தாண்டிவிடுகிற மிதவைக்காரன் அக்கரையில் போய்ப் படுத்துவிட்டான். விடியும்வரை லாரி நகராது. டிரைவரே, அந்தக் கட்டையைக் கொஞ்சம் நெருப்புக்குள் தள்ளுங்கள். தூக்கம் வருகிறவர்கள் லாரியில் போய்ப் படுக்கலாம்... தனியாகப் போக முடிந்தால்.

இது என் அக்கா புருஷன் கலூபா கண்ணால் பார்த்தது. முலோங்கா கோயில் உபதேசியார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதனால்தான் இன்றுவரை ஏழை. அன்று ஃபாதர் மகாசாவின் மோட்டார் சைக்கிளில், பூசைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். மிஷனுக்குப் பதினொரு கிளைக் கோயில்கள். ஒரே சாமியார். வண்டியும் ஒன்றுதான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு மிஷனில் பூசை. முடித்துவிட்டுச் சாமியார் கஞ்சிக்கு உட்காரும்போது வாசலில் ஒருவன், முழங்கால்வரை சேறு. சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலாமா கிழவியின் மகன். ராத்திரியெல்லாம் நடந்து வந்திருக்கிறான்.

“சாமி, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். சொல்லாம சாக மாட்டேன்னு அடம் பிடிக்குது.”

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒம்பது மணிக்கு முப்பத்தோரு குழந்தைக்கு ஞானஸ்நானம். அப்புறம் ஒரு அடக்கம். அப்புறம் முலோங்காவுல பாவசங்கீர்த்தனம். அஞ்சு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கச் சொல்லுப்பா.”

இரக்கம் இல்லாதவர் இல்லை. சாகப்போகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பத்து வருஷம் நன்றாகச் சாப்பிட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஞானஸ்நானம் நடந்தது. குழந்தைகள் ஊரே இடிந்து விழுகிற மாதிரி கத்தின. நடுவில் பாடகர் குழுவுக்குள் மேளத்துக்குச் சண்டை, அதையும் அவர்தான் தீர்த்துவைத்தார். பிறகு அடக்கம். குழி சின்னதாகிவிட்டது, திரும்ப வெட்டினார்கள், ஒரு மணி நேரம் போயிற்று. வாயில் ஒரு பருக்கை படவில்லை. அங்கிருந்து கிளம்பி முலோங்கா சாலையில் வரும்போதுதான் அந்தப் பொம்பளை.

முதுகுதான் தெரிந்தது. இடுப்பில் ஈரச் சித்தெங்கே துணி, வெறுங்கால். வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே ஒரு கையை மட்டும் நீட்டினாள். நிறுத்தச் சொல்லி.

“சாமி... யாரோ கை காட்டுறாங்க.”

“மூணு பேருக்கு இடம் ஏது உபதேசியாரே? நேரமாச்சு.”

தாண்டிப் போனார்கள். கலூபா திரும்பிப் பார்த்தார். அவள் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. மணலில் ஒரு ஈரப் பொட்டு இல்லை.

எங்கள் பக்கத்தில் பாவசங்கீர்த்தனம் எப்படி நடக்கும் தெரியுமில்லையா... மாமரத்தடியில் நாற்காலி. சாமியார் கண்ணை மூடி, கழுத்தில் தொங்குகிற ஊதாத் துணியை, ஸ்தோலாவை, கன்னத்தோடு பிடித்துக்கொண்டு காதை மட்டும் கொடுப்பார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கலூபா ஆளுக்கொரு மொச்சை கொடுத்திருப்பார். பாவத்தைச் சொன்னவர்கள் அதை எனாமல் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழ வேண்டும். எத்தனை பேர் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள் என்று பிறகு ஆயருக்குச் சொல்ல வேண்டுமே, அதற்காக.

அன்று இருபத்திரண்டு பேர். பேச்சு காதில் விழாத தூரத்தில், கோயில் வாசலில் நின்றார் கலூபா. மொச்சை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிங்... டிங்... இருபத்திரண்டு டிங். முடிந்தது என்று பெட்டியைக் கட்டக் குனிந்தார். நிமிர்ந்தால்... நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் ஒருத்தி முழந்தாளிட்டிருக்கிறாள். ஈரத் துணி.

சாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல ஏதோ சொன்னார். கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். கலூபா ஒரு தரம் கண்ணைக் கசக்கினார். அதற்குள் அந்த இடம் காலி. இந்தத் தடவை டிங் சத்தம் இல்லை.

கிண்ணத்தை எடுக்கப் போனார். மொச்சைகளுக்கு மேலே ஒரு பஞ்சு உருண்டை. சுண்டுவிரல் நுனி அளவு. ஈரம். துணி சோப்பு வாசனை.

குழந்தைக்குக் காது வலியோ என்னவோ, யாரோ தவறவிட்டிருப்பார்கள் என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சொன்னபடி ஐந்து மணிக்குச் சதுப்பைத் தாண்டி மலாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். தூரத்திலேயே ஒப்பாரி கேட்டது. வாசலில் மகன் நின்றான்.

“சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க சாமி. நீங்க சொன்ன அஞ்சு மணிதான்.”

“எப்ப போச்சு?”

“ஒரு மணிக்கு. கண்ணை வாசல் மேலயே வச்சிருந்துச்சு. உடனே குளிப்பாட்டிட்டோம்.”

உள்ளே பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடி இன்னும் காயவில்லை. அறை முழுக்கத் துணி சோப்பு வாசனை. மூக்கின் ஒரு துவாரத்தில் பஞ்சு இருந்தது. இன்னொன்று திறந்து கிடந்தது. “ரெண்டுலயும் நான்தானே வச்சேன்” என்று குளிப்பாட்டின பொம்பளை பாயைத் தடவித் தடவித் தேடினாள்.

கலூபா சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. சாமியாரைப் பார்த்தார். அவர் அந்த வாசனையை மூச்சில் இழுத்தார்... சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் செத்தாலும் சொல்லக்கூடாது. அவர் சொல்லவில்லை. ஆனால் அன்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். பசி, அவசரம்... அத்தனை பேருக்கும் ஒரே பரிகாரத்தைக் கொடுத்திருக்கிறார். ‘யாருக்குக் கெடுதல் செஞ்சியோ அவங்க வாசல்ல போய் முழங்கால் போடு. மன்னிச்சேன்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் அந்த வாசலை விட்டு நகராதே.’ ஆடு திருடின ஒருத்தன் இரண்டு நாள் பட்டினி கிடந்தான் என்று ஊரே சிரித்தது. உயிரோடு இருக்கிறவனுக்குப் பரவாயில்லை.

மலாமா யாருக்குக் கெடுதல் செய்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. குறிகாரன் வந்தான். அவள் எங்கள் அம்மாவைக் கை காட்டினாள். சூனியக்காரி என்று. ஊர் சேர்ந்து குடிசையைக் கொளுத்தி, கொட்டுகிற மழையில் அம்மாவைத் துரத்தினார்கள். ஒன்பதாவது நாள் சதுப்பில் கண்டெடுத்தோம். கையில் இருந்த வளையலை வைத்துத்தான் என் அக்கா கட்டோங்கோ அடையாளம் சொன்னாள்.

அடுத்த நாள், சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. அக்கா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் கைதட்டல். மன்னிப்புக் கேட்கிறவர்கள் முழங்காலில் நின்று உள்ளங்கையைக் குழித்துத் தட்டுவோமே, அந்த மாதிரி. பொக்... பொக்... பொக்.

யாரும் இல்லை. புழுதியில் முழங்கால் பதிந்த மாதிரி இரண்டு பள்ளம். சோப்பு வாசனை.

தினமும். அதே இரண்டு மணிக்கு. கலூபா பஞ்சைக் காட்டி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். “ஒரு வார்த்தை கட்டோங்கோ. மன்னிச்சேன்னு சொல்லிடு, போயிடும்.”

அக்கா களியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. “நிக்கட்டும். எங்கம்மா ஒம்பது நாள் தண்ணியில கெடந்தா. இவ நிழல்லதானே நிக்கிறா.”

கலூபா சாமியாரிடம் ஓடினார். “சாமி, அந்தப் பரிகாரத்தை மாத்திடுங்க.”

“எந்தப் பரிகாரம்?” என்றார் அவர். வேறென்ன சொல்ல முடியும்? பிறகு, “பொதுவாச் சொல்றேன் உபதேசியாரே. பரிகாரத்தை மாத்தணும்னா அவங்களே திரும்பி வந்து கேக்கணும்.”

எப்படி வருவாள்? வாசலை விட்டு நகராதே என்று சொன்னவரே அவர்தானே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எத்தனை வேலை இருந்தாலும் முலோங்காவுக்கு வந்துவிடுவார். மாமரத்தடி நாற்காலியில், ஸ்தோலாவைப் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை தனியாக. பிறகு அக்கா வீட்டுக்கு வருவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். இன்னாரை மன்னித்துவிடு என்று அவர் வாயால் கேட்க முடியாது. கேட்டால் ரகசியம் உடைந்துபோகும். போகும்போது வாசல்படியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். நாலு வருஷம் இப்படியே. ஆள் பாதியாகிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு மூச்சு வாங்கியது. சாகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய் பூசச் சாமியாருக்குச் சொல்லி அனுப்பினோம். பூசையை நடுவில் விட முடியாதே, முடிந்த கையோடு அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்தேன், கேட்கவே தோன்றவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். அன்று இரண்டு மணிக்கு அந்த வாசலில் சத்தம் இல்லை. கலூபா பிள்ளை மாதிரி அழுதார். விட்டது சனியன் என்று நானும் நினைத்தேன்.

புதன்கிழமை, அதே இரண்டு மணி... வீடு திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பொக். பொக். பொக். நான் படுத்திருந்த அறை வாசலில்.

எங்கள் அம்மாவுக்கு இரண்டே பிள்ளைகள்.

அதனால்தான் வீட்டுக்குப் போகாமல் இந்த லாரியில் ஏறினேன். வாசலே இல்லாத இடத்தில் எங்கே முழங்கால் போடுவாள், பார்ப்போம் என்று. நீங்கள் எல்லோரும் சொல்வது எனக்குத் தெரியும்... ஒரு வார்த்தை. கிழவியும் போய்ச் சேருவாள், சாமியாரும் ஒரு ராத்திரி தூங்குவார். அந்த வார்த்தை தொண்டைவரை வருகிறது. வளையல் போட்ட அந்தக் கை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. சொல்ல முடியவில்லை.

டிரைவரே... ராத்திரியும் மணி இரண்டாகிவிட்டதா? இப்போது கை தட்டியது நீங்களா?

இல்லை... சரி. என் முதுகுப் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம். சோப்பு வாசனை வருகிறது என்று சொல்லவும் வேண்டாம். எனக்கும் வருகிறது.