பேட்டை சந்தைக்கு யார் சொந்தக்காரர்

சுதா, வயது 34, கணவர் பெயர் அருண்பாண்டியன், பிள்ளையார் கோயில் தெரு, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டம். தொழில் லுங்கி வியாபாரம். சப்-இன்ஸ்பெக்டர் பத்மா அவர்கள் கேட்க, நான் சொல்லி எழுதப்பட்டது.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என் தங்கை சௌமியா கனகம்மாசத்திரத்தை அடுத்த கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். எல்லாருடைய போனிலும் இருக்கிற ஆப் ஒன்றில் ‘பேட்டை சந்தை’ என்று ஒரு குரூப் உள்ளது. மொபைல் கடை வைத்திருக்கும் நாகேந்திரன் அதைத் தொடங்கினார். நாங்கள் லுங்கிப் படமும் ஊர்ச் சேதியும் போட்டுப் போட்டு, வட்டாரமே பார்க்கும் அளவுக்கு அது வளர்ந்தது. தேர்தல் சமயத்தில் அவர் அதை ஒரு கட்சிக்காரருக்குக் கைமாற்றப் போவதாகத் தெரிந்ததும், வியாபாரிகள் கங்கையம்மன் கோயிலில் கூடிச் சண்டை போட்டு வாங்கினோம். முன்னால் நின்று கத்தியது நான்தான்.

அதன் பிறகு அதை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. யாருக்கும் யார் மேலும் நம்பிக்கையில்லை. எங்கள் அம்மன் நகைப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி, மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் திறக்கலாம். அதே மாதிரி செய்யலாம் என்று நான் சொல்ல, பாஸ்வேர்டை மூன்று துண்டாக்கி, முதல் துண்டு எனக்கும், நடுத் துண்டு திருத்தணியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கோதண்டபாணிக்கும், கடைசித் துண்டு தறி வைத்திருக்கும் துளசிங்கம் மாமாவுக்கும் என்று முடிவானது. குரூப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அழிப்பதற்கு மட்டும் மூவரும் சேர வேண்டும், ஒருத்தர் இஷ்டத்துக்கு அழித்துவிடக் கூடாது. அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். ரொம்ப நல்ல ஏற்பாடு என்று நானும் நினைத்தேன்.

சௌமியாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பெண் பிள்ளை அபி. அப்படித் தங்காத வீட்டில் பிள்ளையைச் சாமி சந்நிதியில் வேறொருத்தி கையில் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கிருத்திகை அன்று காலை திருத்தணி மலைமேல் படி ஓரமாக நின்று, அபியை நான் வாங்கினேன், சௌமியா ஒரு பை தவிட்டை என் கையில் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அழுதாள். அதன் பிறகு இருவரும் கீழே இறங்கி, அவள் பிள்ளையோடு கனகம்மாசத்திரம் பஸ் ஏறினாள். நான் ஊர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது என் கணவர் போன் செய்து குரூப்பைப் பார்க்கச் சொன்னார். யாரோ மலைமேல் எடுத்த வீடியோ அதில் இருந்தது. நான் முதுகு காட்டி நிற்கிறேன், சிவப்புப் புடவையில் சௌமியா பையைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குகிறாள், அவள் முகம் நன்றாகத் தெரிகிறது. ‘திருத்தணி மலையில் பச்சைக் குழந்தை விற்பனை, வாங்கியவள் சிவப்புப் புடவை, சத்திரம் பஸ்ஸில் போகிறாள், பிடியுங்கள்’ என்று எழுதியிருந்தது. போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூப் படம் இருந்தது. இது என் தங்கை, அது அவள் பெற்ற பிள்ளை என்று கீழே எழுதினேன். ‘நீயும் அந்தக் கும்பலா’ என்று பதில் வந்தது. ஆப் கம்பெனிக்கு அதிலேயே புகார் அனுப்பினேன். சௌமியாவுக்குப் போன் அடித்தேன், அவள் எடுக்கவில்லை.

அதன் பிறகு கோதண்டபாணி கடைக்கு ஓடினேன். அவர் உடனே தன் துண்டை அடித்துக் கொடுத்தார். துளசிங்கம் மாமா பேட்டையில் இருந்தார். போனில் சொல்லச் சொன்னேன். “சாவிய போன்ல குடுப்பாங்களாம்மா? மூணு பேரும் ஒண்ணா குந்தித்தான் தொறக்கணும்னு நீதானே சொன்ன. தோ, பஸ் ஏறிகினு இருக்கேன்” என்றார். என் தங்கை என்று சொன்னேன். “யாரா இருந்தாலும் மொற ஒண்ணுதான்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. கோபத்தில் நான் அவரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம்.

அவர் வந்து, எங்களுக்குத் தெரியாமல் திரும்பி நின்று தன் துண்டை அடித்தார். வீடியோ அழிந்தது. அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில்தான் சத்திரம் பஸ் ஸ்டாப்பில் சௌமியாவைக் கீழே தள்ளி அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்றுதான் அவள் கத்தியிருக்கிறாள். தவிடு கொடுத்து வாங்குவது அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரிந்த வழக்கம்தான், நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கொய்யாப்பழம் விற்கும் புஷ்பலதா என்பவர் மட்டும் அபியைப் பிடுங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு யாருக்கும் தரவில்லை. அபிக்கு ஒன்றும் இல்லை. சௌமியாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஒரு காது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பரிசீலித்ததில் அந்த வீடியோ விதிகளுக்கு முரணாக இல்லை என்று நல்ல தமிழில் இருந்தது. பரிசீலித்தவர் பெயர் இல்லை. வீடியோ அப்போது அங்கே இல்லவும் இல்லை.

குரூப்பின் உரிமையாளர் யார் என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். நாகேந்திரனைக் கேட்டால் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். கோதண்டபாணி, நான் நடுத் துண்டு மட்டும்தான் என்கிறார். கம்பெனிக்கு மாவட்டப் போலீஸ் ஆபீஸிலிருந்து கடிதம் போகும், பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். கம்பெனிக்காரர் எந்த நாட்டிலோ இருக்கிறார், அவருக்குச் சத்திரம் எந்தத் திசை என்று தெரியாது. துளசிங்கம் மாமா ஸ்டேஷன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். “நான் மொறப்படிதானே செஞ்சேன், சொல்லும்மா” என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கிறார். ஒருத்தர் கையில் இருந்தால் விற்றுவிடுவார் என்று மூன்று பேர் கையில் கொடுத்தோம். இப்போது கேட்டால் ஒருத்தர் கையிலும் இல்லை.

நேற்று சௌமியா, “யாரு அக்கா அது? யார்னு மட்டும் சொல்லு, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், மூஞ்ச பாக்கணும்” என்றாள். ஆகவே உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். புகார் கொடுப்பவரே வழக்கில் எதிரியாக முடியாது என்று எஸ்.ஐ. அம்மா சொன்னார். வேறு யாராவது வந்து அது என்னுடையது என்று சொன்னால் என் பெயரை அடித்துவிடுங்கள், அதுவரை இருக்கட்டும் என்றேன். அவள் பார்ப்பதற்கு ஒரு முகமாவது வேண்டும்.

இதை எஸ்.ஐ. அம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். நடந்ததும் நான் சொன்னதும் இதுதான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. புகார்தாரர் என்ற இடத்தில் ஒன்றும், உரிமையாளர் என்ற இடத்தில் ஒன்றுமாக இரண்டு கையெழுத்து போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சுதா
(ஒப்பம்) சுதா