கட்டாத விமானமும் போடாத சாலையும்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே! அழைப்பை மதித்து வந்து அமர்ந்திருக்கும் சாலை அதிகாரி அவர்களே! பாப்பிரெட்டிப்பட்டியின் பெரியோர்களே! சித்தேரி மலையிலிருந்து கால்கடுக்க இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நூர் பாஷாவின் நெஞ்சார்ந்த வணக்கம்!

பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் நான் ஃபிட்டராக இருந்தபோது, ஜெர்மானியப் பொறியாளர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். ஒருநாள் மேசைமேல் பழைய வரைபடம் ஒன்றை விரித்தார். உலகப் போர்க்காலத்தில் அவரே வரைந்த கனரகப் போர் விமானம்! இறக்கைக்கு ஓர் எஞ்சின்! மூக்கிலே பீரங்கி, முதுகிலே பீரங்கி! பார்த்தாலே குலை நடுங்கும்!

என்னப்பா அங்கே? “பாய், ரோட்டைப் பத்திப் பேசுங்க” என்கிறாயா? ரோட்டுக்குத்தான் வருகிறேன், ராசா. இந்த விமானம் ஏறித்தான் வரவேண்டும்!

“எத்தனை கட்டினீர்கள்?” என்று கேட்டேன். “ஒன்றுகூட இல்லை” என்றார். கட்டச் சொல்லிக் கட்டளை வரவில்லை. காகிதத்தோடு கதை முடிந்தது. வருத்தமோ என்று முகத்தைப் பார்த்தேன். “பாஷா, நான் வரைந்தவற்றில் என் தூக்கத்தைக் கெடுக்காதது இது ஒன்றுதான். இதனால் ஒரு பிள்ளையும் சாகவில்லை” என்றார்.

தோழர்களே! கட்டாததால் கொல்லாத காகிதம் அது! நம் மலைக்கும் ஒரு காகிதம் உண்டு. போடாததால் கொன்ற காகிதம்!

சித்தேரிச் சாலைக்கு அளவெடுத்தார்கள். சுண்ணாம்படித்த கற்களை நட்டார்கள். அவை மலை விவசாயி கரியனின் சாமைக்காட்டுக்கு நடுவே போயின. கரியன் சண்டை போட்டாரா? கோர்ட்டுக்குப் போனாரா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிலத்தை விட்டுவிட்டு உழுதார்! ஆண்டுதோறும் அப்படியே உழுதார்! ஏன் என்றேன். “பஸ்ஸு வர்ற எடமுங்க. வெதச்சுட்டா பஸ்ஸு எப்படிங்க வரும்?” என்றார்.

பஸ் வந்ததா? போன ஐப்பசி அடைமழையில் அவர் மனைவி ரங்கம்மாளுக்கு வலி வந்தது. மூங்கிலில் டோலி கட்டி, அந்த வெற்று நிலத்தின் வழியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல் முடிந்தது, காடு வந்தது. காட்டோடையில் கரைபுரண்ட வெள்ளம்! சேதி கேட்டு அடிவாரத்திலிருந்து ஓடிய நான், இக்கரையில் கயிற்றோடு நிற்கிறேன். “பொறுத்துக்க ஆத்தா!” என்று கத்துகிறேன். “முடியலீங்கண்ணா!” என்ற குரல் மட்டும் வருகிறது. வெள்ளம் வடியுமா? வலி பொறுக்குமா? வெள்ளம் வடிந்தபோது தாய் இருந்தாள், பிள்ளை இல்லை.

அதே ரங்கம்மாள் இதோ முன்வரிசையில் இருக்கிறாள். மறுபடியும் ஆறு மாதம். வருகிற ஐப்பசியில் பிள்ளை. அழாதே தாயே, அழாதே.

அதிகாரி அவர்களே! ஜீப் ஏறும் அளவுக்காவது அதற்குள் வழி வெட்டுவீர்களா? ஆடி மழை விழுந்துவிட்டது, மலையெங்கும் விதைப்பு. இன்று காலையில் கரியன் என்னைக் கேட்டார்: “பாய், இந்த வருசம் அந்த எடத்துல வெதைக்கட்டுமாங்க, வேண்டாமாங்க?” அந்தக் கேள்வியை உங்களிடமே கொண்டுவந்திருக்கிறேன். பதில் உங்களுக்குத்தான் தெரியும்.

செவிகொடுத்த அவைக்கு நன்றி. மலையேறிப் போகவேண்டிய தாய்மார்களுக்கு என் வணக்கம். மைக் உங்களுக்கு, அதிகாரி ஐயா. கரியன் பதில் கேட்க எழுந்து நிற்கிறார்.