மயேலே விரட்டிய ஆள்

புலங்கா: இன்னொரு தடவை அந்தச் சத்தம் போட்டே, இந்தக் கத்தியாலேயே நாக்கை அறுத்துடுவேன்.

பொகும்பே: எந்தச் சத்தம்?

புலங்கா: ட்டொக் ட்டொக்னு. குடிசை வாசல்ல நின்னு நாக்கைத் தட்டுறியே. நான் என்ன கொரில்லாவா?

பொகும்பே: பழக்கம் புலங்கா. காட்டுல பத்து எட்டுக்கு ஒரு தடவை தட்டியாகணும். நாங்கதான் வர்றோம், வேற யாரும் இல்லைன்னு அதுங்களுக்குச் சொல்ற மாதிரி...

புலங்கா: அதுங்களுக்கு எவ்வளவு மரியாதை. என்கிட்ட என்னிக்குச் சொல்லிட்டு வந்திருக்கே?

பொகும்பே: இப்ப சொல்லிட்டுத்தானே வந்தேன். ட்டொக்.

புலங்கா: கத்தி கையிலதான் இருக்கு.

பொகும்பே: அந்தக் கத்தி கீரையவே நறுக்காது.

புலங்கா: தீட்டித் தர வீட்டுல ஒரு ஆம்பளை இருந்தா நறுக்கும்... ஆமா, சூரியன் தலைக்கு மேல நிக்குது, அதுக்குள்ள வந்துட்டே? உங்க கொரில்லா, மயேலே ஐயா, லீவு குடுத்துட்டாரா?

பொகும்பே: முட்டி வலி. பாதியிலயே வந்துட்டேன்.

புலங்கா: எந்த முட்டி?

பொகும்பே: ...இடது.

புலங்கா: வலது காலைத்தானே இழுத்துக்கிட்டு வந்தே.

பொகும்பே: ரெண்டுந்தான்.

புலங்கா: பூட்ஸ் எங்க?

பொகும்பே: நனைஞ்சு போச்சு. காயப் போட்டிருக்கேன்.

புலங்கா: கொரில்லா காட்டுற ஆபீஸ்ல அந்த ரப்பர் பூட்ஸைக் குடுத்த நாள்லேர்ந்து அதைத் தலைமாட்டுல வச்சுத்தான் தூங்குறே. நாறுது, வெளியில வைன்னா, தேள் பூந்துக்கும்பே. இன்னைக்கு என்ன புதுசா?

பொகும்பே: நாறுதுன்னே. காயப் போட்டேன். அதுவும் தப்பா?

புலங்கா: எங்க காயுது?

பொகும்பே: வெயில்ல. நீ கீரையை நறுக்கு.

புலங்கா: நறுக்குறேன். வெறும் கீரை. பக்கத்துக் குடிசையில மான் கறி வேகுது. அதுக்கும் பக்கத்துல முள்ளம்பன்னி. எம்புருசன் காட்டுக்குப் போயிட்டு என்ன கொண்டு வர்றான்? 'இன்னைக்கு மயேலே எட்டுத் தடவை ஏப்பம் விட்டான்.' அதையா வேக வைக்கிறது?

பொகும்பே: எட்டு இல்ல, நாலு.

புலங்கா: எங்கப்பன் ஒரு மிருகத்துக்குப் பின்னாடி நடந்தா, சாயங்காலம் அது சட்டியில கிடக்கும். நீ மூணு வருசமா ஒரே கொரில்லாவுக்குப் பின்னாடி நடக்குறே. இன்னும் பிடிக்கல.

பொகும்பே: பிடிக்கிறதுக்கு இல்லடி...

புலங்கா: தெரியும். காட்டுறதுக்கு. வெளியூர்க்காரங்க வாயைத் துணியால கட்டிக்கிட்டு, தும்மலை முழுங்கிக்கிட்டு, கண்ணுல வியர்வைத் தேனீ அப்புறதைக்கூட ஓட்டாம, சதுப்புல இடுப்பு வரைக்கும் இறங்கி வர்றாங்க. எதுக்கு? அவன் உட்கார்ந்து கறையான் திங்கிறதைப் பார்க்க. பார்த்துட்டு அழறாங்களாமே.

பொகும்பே: போன வாரம் ஒரு அம்மா அழுதாங்க. நெசமாத்தான்.

புலங்கா: நானும்தான் கறையான் திங்கிறேன். ஒருத்தரும் அழலை.

பொகும்பே: உன்னைப் பார்த்து நான் அழுதுக்கிறேன், போதுமா.

புலங்கா: அழ வேணாம். நாளைக்கு எங்க அம்மா வீட்டு ஆளுங்க உள்காட்டுக்குக் கிளம்புறாங்க. மரத்துலேர்ந்து திங்கிற புழு இறங்க ஆரம்பிச்சாச்சு. கூடை கூடையா அள்ளலாம். நான் போறேன். நீயும் வரணும்.

பொகும்பே: எனக்கு வேலை...

புலங்கா: வேலையை விடு.

பொகும்பே: புழுவுக்காகவா?

புலங்கா: எதுக்காகவோ. இல்லேன்னா அந்த நரைச்ச முதுகுக்காரனையே கட்டிக்கோ. அவன் இலையை ஒடிச்சுப் போட்டுப் படுக்கை கட்டுவானாமே, அதுல ஓரமா ஒண்டிக்கோ.

பொகும்பே: அவன் படுக்கை மெத்துன்னு இருக்கும்.

புலங்கா: போ. போய்ப் படு.

பொகும்பே: ஒரு வாரமா இதே பாட்டு. மூணு வருசமா இல்லாத வெறுப்பு, ஒரு வாரத்துல எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு?

புலங்கா: மரவள்ளிய ஊறப் போடுற மாதிரி ஊறப் போட்டு வச்சிருந்தேன். இப்பத்தான் பதமாச்சு.

யோங்கா: உங்க சத்தம் ஆத்து வரைக்கும் கேக்குது. யாரு யாரைக் கொல்றீங்க?

பொகும்பே: வாக்கா. தம்பி உயிரோடதான் இருக்கேன்.

புலங்கா: வாங்க மதினி. உங்க தம்பி பாதி நாள்லயே திரும்பிட்டாரு. ரெண்டு முட்டியும் ஒண்ணா வலிக்குதாம்.

யோங்கா: வலிக்காதா பின்ன, நேத்து ஓடின ஓட்டத்துக்கு.

புலங்கா: என்ன ஓட்டம்?

பொகும்பே: அக்கா, அந்த மான் கால் கனமா இருக்கே, இப்படிக் குடு...

யோங்கா: பேச்சை மாத்தாத. நகருடா, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறே. அவ மூஞ்சியைப் பார்த்துப் பேச வேணாமா?

பொகும்பே: உள்ள புகை. உனக்கு இருமல் வரும். இங்கயே நின்னு சொல்லு.

யோங்கா: எம்புருசன் நேத்து வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. தடம் பார்க்கப் போனது நாலு பேரு. நாலு பேரும் ஒரே மரத்தடியில நின்னிருக்காங்க. மயேலே எந்திரிச்சான். எம்புருசனைத் தாண்டினான். மத்த ரெண்டு பேரையும் தாண்டினான். நேரா இவன் முன்னாடி வந்து, தரையில ஒரு அறை. உம்புருசன் முள்ளுப் புதருக்குள்ள தலைகீழா.

புலங்கா: தோள்ல கீறல்... கொடி கிழிச்சுதுன்னு சொன்னியே.

பொகும்பே: புதர்லயும் கொடி இருந்துச்சு.

யோங்கா: மூணு வருசமா இவனை முறைச்சுக்கூடப் பார்க்காத கொரில்லா.

பொகும்பே: நாந்தான் நாக்கைத் தட்ட மறந்துட்டேன். அவன் திடுக்கிட்டுட்டான்.

யோங்கா: தூக்கத்துலயே தட்டுறவன் நீ. மறந்துட்டியா?

பொகும்பே: மறந்துட்டேன்.

யோங்கா: யாருகிட்ட கதை விடறே? இது எகிலா. பொண்டாட்டிகிட்டேர்ந்து ஒட்டுன வாசனையைப் புருசன் சுமந்துக்கிட்டுக் காட்டுக்குப் போனா, மிருகம் அவனை மட்டும் தேடி வரும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

புலங்கா: எந்த வாசனை மதினி? பச்சையாவே சொல்லுங்க.

யோங்கா: மூணுதான். ஒண்ணு, மாச ரத்தம். அந்த நாள்ல எந்தப் புருசனும் காட்டுக்குப் போக மாட்டான். இவன் போயிருக்கான், அதனால அது இல்ல. ரெண்டாவது, வயித்துல பிள்ளை. அது இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? இந்த வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, போன ரெண்டு தடவையும் இவன் முதல்ல என்கிட்டதான் ஓடி வந்தான். 'அக்கா, அவளுக்கு வெள்ளைப் புத்து மண்ணு திங்கணும் போல இருக்காம்'னு. நான்தான் புத்தை உடைச்சு எடுத்துக் குடுத்தேன். குடிசை குடிசையாப் போய் நல்ல சேதி சொன்னதும் நான்தான்.

புலங்கா: ஆமா. சொன்னீங்க. ரெண்டு தடவையும்.

யோங்கா: ரெண்டு பிள்ளையும் தங்கல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

புலங்கா: ஒண்ணும் பண்ண வேணாம். மூணாவது என்ன?

யோங்கா: மூணாவது... வேற ஒருத்தன் பாய்.

பொகும்பே: அக்கா.

யோங்கா: நான் சொல்லல. மயேலே சொல்றான். ஆத்தோரம் வலை பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கானே, அந்த மொசோலா... இவ தண்ணிக்குப் போனா திரும்பி வர எவ்வளவு நேரமாகுதுன்னு பொம்பளைங்க பேசிக்கிறாங்க.

புலங்கா: போற வழியில எனக்கு ஆயிரம் வேலை.

யோங்கா: என்ன வேலை? ஒண்ணு சொல்லேன், கேப்போம்.

புலங்கா: ...

யோங்கா: பார்த்தியாடா. இந்த வாய் அடைச்சு நான் பார்த்ததே இல்ல.

புலங்கா: அடைக்கல மதினி. உங்களுக்குச் செலவு பண்ண வேணாம்னு வச்சிருக்கேன்.

பொகும்பே: மொசோலா வலையில எலிகூட நிக்காது. இவ எங்க நிக்கப் போறா?

யோங்கா: சிரிக்கிற விசயமாடா இது? மூணு பேரும் உன்னைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?

பொகும்பே: பயந்தாங்கொள்ளின்னு பேசட்டும். தட்ட மறந்தேன், ஓடினேன், விழுந்தேன். கதை அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல்லு உன் வாயிலேர்ந்து வெளியில போச்சு, இந்த வாசலுக்கு நீ வர வேணாம்.

யோங்கா: அடேயப்பா. கூடப் பொறந்தவளை விரட்டுறியா? மயேலேகிட்ட கத்துக்கிட்டியா?

பொகும்பே: தரையை அறையட்டுமா?

புலங்கா: அந்த மான் காலையும் எடுத்துட்டுப் போங்க மதினி.

யோங்கா: ஏன், நான் கொண்டு வந்த கறியும் கசக்குதா உனக்கு?

புலங்கா: வாசனை பிடிக்கல.

யோங்கா: ரொம்பத்தான். கீரைய மேய்ஞ்சுக்கிட்டு இரு. நாளைக்கு மயேலே இவனை ரெண்டாக் கிழிச்சுப் போடுவான். அப்ப வர்றேன், ஒப்பாரி வைக்க. நல்லா வைப்பேன், கவலைப்படாத.

புலங்கா: ...போயிட்டாங்களா?

பொகும்பே: போயாச்சு. கறியும் போயாச்சு. அதுதான் வருத்தம்.

புலங்கா: நேத்தே ஏன் சொல்லல?

பொகும்பே: நீ சிரிப்பே.

புலங்கா: சிரிச்சிருப்பேன்... எவ்வளவு கிட்ட வந்தான்?

பொகும்பே: அவன் மூச்சு என் மூஞ்சியில பட்டுச்சு. புளிச்ச பழ வாசனை. நல்லா மோந்து பார்த்தான். அப்புறம்தான் அறைஞ்சான்.

புலங்கா: மோந்தா பார்த்தான்?

பொகும்பே: கீரை கீழ கொட்டுது.

புலங்கா: கொட்டட்டும். மதினி சொன்னாங்களே, மூணாவது... அதை நீ யோசிக்கலையா?

பொகும்பே: யோசிச்சேன். உன் வாய்க்கு ஒருத்தன் கிடைச்சதே அதிசயம். ரெண்டாவதா ஒருத்தன் எங்கேர்ந்து வருவான்?

புலங்கா: மடையன்.

பொகும்பே: ட்டொக்.

புலங்கா: விளையாடாத. நாளைக்கு அவன்கிட்ட போவியா?

பொகும்பே: போகாம? அவன் பாவம், என்னைக் காணோம்னு தேடுவான்.

புலங்கா: அடுத்த தடவை தரையை அறைய மாட்டான்யா.

பொகும்பே: உனக்கு எப்படித் தெரியும்? காரணம் தெரிஞ்ச மாதிரி பேசுறே.

புலங்கா: தெரியாது... போகாத. ஒரு வாரமாத் திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்குது. அவன் சாணிய இனிமே வேற எவனாவது கிளறட்டும். நீ போகாதய்யா. ஏன்னு மட்டும் கேக்காத.

பொகும்பே: கேக்கல.

புலங்கா: கேக்கலையா?

பொகும்பே: கேக்காதன்னு நீதானே சொன்னே.

புலங்கா: சொன்னா உடனே கேட்டுக்குவியா நீ? மூணு வருசத்துல இன்னைக்குத்தான்... பூட்ஸ் எங்க காயுதுன்னு நீ இன்னும் சொல்லல.

பொகும்பே: ஆபீஸ் வாசப்படியில. காலைலயே திருப்பிக் குடுத்துட்டேன். முட்டி வலி, அடுத்த வருசம் புழு இறங்குற வரைக்கும் வர மாட்டேன்னு சொல்லிட்டேன்.

புலங்கா: குடுத்துட்டியா... பயந்து ஓடுறான்னு சிரிச்சிருப்பாங்களே.

பொகும்பே: தரையில உருண்டு சிரிச்சாங்க.

புலங்கா: நீ ஒண்ணும் சொல்லலையா? இந்தத் தடவை யாருகிட்டயாவது...

பொகும்பே: இந்தத் தடவை யாருகிட்டயும் ஓடல. முதல்ல கடவாயைத் துடை, வெள்ளையாப் புத்து மண்ணு ஒட்டியிருக்கு. அக்கா கண்ணுல அது பட்டுடக் கூடாதுன்னுதான் அவ்வளவு நேரமும் வாசலை அடைச்சுக்கிட்டு நின்னேன்.