இருநூத்திப் பத்து டிகிரி

– பதினேழாந்தேதி இந்தப் பாய்லர் எரிஞ்சுதுங்களாப்பா? அதை மட்டும் சொல்லுங்க.

– சித்தெ மெதுவாப் பேசு சத்யா. மேனேஜர் ரூமு பக்கத்துலதான் இருக்குது. வேலை நேரத்துல வந்து நின்னுக்கிட்டு என்ன இது?

– எரிஞ்சுதா, இல்லீங்களா?

– பாய்லர்னா எரியாமப் பின்ன?

– அன்னைக்கு மாரியாத்தா நோம்பி. கம்பெனியே லீவு. நீங்க ஊட்டுல எம்பக்கத்துல உக்காந்து கறிச்சோறு தின்னீங்க. ஆனா இந்த லாக் புக்குல, அன்னைக்கு மத்தியானம் சிம்னிச் சூடு இருநூத்திப் பத்து டிகிரின்னு இருக்குது. உங்க கையெழுத்து.

– ஓ, அதா. ஒண்ணாந்தேதியே உக்காந்து முப்பது நாளைக்கும் எழுதிப் போட்டுருவேன் கண்ணு. ஃபாரின் பையர் எப்ப ஆடிட்டுக்கு வருவான்னு ஆரு கண்டா? புக்கு ரெடியா இருக்கோணும். இருநூத்தி எட்டு, இருநூத்திப் பதினொண்ணுன்னு மாத்தி மாத்தி எழுதோணும், ஒரே நம்பரா இருந்தாச் சந்தேகம் வந்துருமாம். நோம்பி நாளை மறந்துபோட்டேன்.

– எவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க. அந்தச் சூட்டை வெச்சுத்தானுங்கப்பா நான் கணக்கே போட்டேன்.

– என்ன கணக்கு? நீ கேமரா வெச்சில்ல பாத்தே? ஒரு மைலுக்கு அக்கட்டால, மொட்ட மாடியில நின்னு?

– பாத்தேன். பத்து நாளு வெயில்ல நின்னு பாத்தேன். அந்தக் கேமராவுக்குப் பொகை தெரியாதுங்க. சூடான வாயுல இருந்து வர்ற, கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் தெரியும். வாயு கம்மியா இருந்து சூடு அதிகமா இருந்தாலும் அதே ஒளி. வாயு ஏகமா இருந்து சூடு கம்மியா இருந்தாலும் அதே ஒளி. எதுன்னு பிரிக்கோணும்னாச் சூடு எவ்வளவுன்னு தெரியோணும்.

– ரெண்டு வெறகு தகதகன்னு எரியறதும், பத்து வெறகு மந்தமா எரியறதும் தூரத்துல நிக்கறவனுக்கு ஒண்ணுதான்னு சொல்றே.

– அதேதான். உங்க புக்கை நம்பி இருநூத்திப் பத்துன்னு போட்டேன். சிம்னியில இருந்து வர்ற அமில வாயு அளவுக்குள்ளதான் இருக்குது, இந்தக் கம்பெனி மேல வந்த புகார்ல உண்மையில்லைன்னு ரிப்போர்ட் கொடுத்தாச்சு. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல ஃபைலை மூடிட்டாங்க. நெசமா எவ்வளவு சூடு இருக்கும்?

– நூத்தி நாப்பதைத் தாண்டாது.

– எப்படி அவ்வளவு கொறையும்?

– வெறகு எங்க வருது இப்ப? பிரிண்டிங் போட்ட பனியன் கட்டிங் வேஸ்ட்டுத்தான் மூட்டை மூட்டையா வருது. அதைத் திணிக்க நொடிக்கொருக்காக் கதவத் தெறக்கோணும். பச்சக் காத்து உள்ள போயிப் பொகை ஆறிப் போயிருது.

– பிரிண்டிங் வேஸ்ட்டா? அந்தப் பிரிண்டு அத்தனையும் பிளாஸ்டிக்குங்கப்பா. அமில வாயு அதுல இருந்துதான் வரும். நூத்தி நாப்பதுன்னு போட்டா என்ன ஆகுது தெரியுங்களா? நாலு மடங்கு. நான் எழுதுனதுக்கு நாலு மடங்கு.

– பின்ன எதுக்கு சாமி அந்தக் கேமரா?

– என்னங்கப்பா?

– எதுக்குன்னு கேக்கறேன். ஆரையும் கேக்க வேண்டியதில்லை, சிம்னியைத் தொட வேண்டியதில்லை, தூரத்துல நின்னே நெசத்தைப் புடிச்சுருவேன்னு நீதானே சொன்னே? ரெண்டு வருசமாச் சோறு திங்கறப்பெல்லாம் அதே பேச்சு. கடைசியில நான் எழுதுன பொய்யை வாங்கித்தான் கணக்குப் போடுவேன்னா, இதுக்கு எதுக்கு அத்தனை படிப்பு?

– எம்மேல கோவப்படறீங்களா? நீங்களா?

– ஊட்டுல ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமுல்ல?

– கேக்கக்கூடாதுங்க. எங்கப்பா அங்கதான் பாய்லர் ஆப்பரேட்டர்னு புரொபசர்கிட்டச் சொன்னேன். அப்ப உங்கப்பாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது, ரெக்கார்டை மட்டும் கம்பெனி ஆபீஸ்ல முறையா வாங்கிக்கன்னாரு. வாங்குனேன். தெறந்ததும் உங்க கையெழுத்து. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா? வேற ஆரு எழுதியிருந்தாலும் இன்னொருக்காச் சரிபாத்திருப்பேன். எங்கப்பா எழுதுனதுன்னு அப்படியே எடுத்துப் போட்டேன். நாளைக்குக் காத்தால ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கப் போறேன். ஏன் தப்பாச்சுன்னு எழுதோணும். உங்க பேரு வரும்.

– வரட்டும்.

– வேலை போயிரும். கேஸு வந்தாலும் வரும்.

– வரட்டுங்கறேன். இனி இந்த வெள்ளைச்சாமி பேரை மறைச்சு என்ன ஆகப் போகுது?

– அப்படியென்ன வீறாப்பு? அந்தப் புகார் எழுதுன மனுசனை நெனச்சுப் பாத்தீங்களா? பேரு போடப் பயந்துக்கிட்டு ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. சிம்னிக்குப் பின்னாடி லைன் ஊட்டுல கொழந்தைக கண்ணைக் கசக்கிக்கிட்டே கெடக்குதுக, பொம்பளைக ராவெல்லாம் இருமறாங்கன்னு. எழுத்தெல்லாம் கோணக்கோணலா. படிக்காதவங்க போலிருக்குது. அது அத்தனையும் பொய்யின்னு ஆறு பக்கம் இங்கிலீசுல எழுதிக் கொடுத்திருக்கறேன் நான். அவிங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்காதா?

– எரிஞ்சுது.

– உங்களுக்கெப்படித் தெரியும்?

– எடது கையில எழுதுனேன் சாமி, எழுதி முடிக்க நாலு நாளாச்சு. வலது கையில எழுதுனா உனக்கு அடையாளந் தெரிஞ்சு போயிருமேன்னு.